1960, 70-களின் அமெரிக்க மசில் கார், ஐரோப்பிய ஸ்போர்ட்ஸ் கார்: உண்மையில் எது வேகமானது?

நடுத்தர அளவு அமெரிக்கக் காரில் பெரிய எஞ்சினைப் பூட்டியதுதான் மசில் கார்; அந்த வகையைச் சேர்ந்த 1964-ஆம் ஆண்டு பான்டியாக் ஜிடிஓவின் 325 குதிரைத்திறனையும், 1961-இல் வந்த பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரான ஜாகுவார் ஈ-டைப்பின் 265 குதிரைத்திறனையும் அருகருகே வைத்து, எண் பெரிதாக உள்ள கார்தானே வேகமானது என்று கேட்டிருக்கிறீர்கள். மிச்சிகன் மாநிலத்தில் பல ஆண்டுகளாக பிரேக் சோதனைப் பொறியாளராக வேலை பார்ப்பவன் நான். எந்தக் காரையும் நிறுத்தும் பக்கத்திலிருந்து பார்த்தே பழகிவிட்டேன். ஆனாலும் அந்த இரண்டு எண்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

அக்காலத்து அமெரிக்கக் குதிரைத்திறன் 'கிராஸ்' கணக்கு. எஞ்சினைத் தனியே சோதனை மேடையில் பூட்டி, காற்று வடிகட்டி, சைலன்சர், விசிறி போன்ற சுமைகள் இல்லாமல் ஓடவிட்டு அளந்தது. காரில் பொருத்திய நிலையை ஒட்டி அளக்கும் 'நெட்' கணக்குக்கு அமெரிக்க நிறுவனங்கள் 1972 மாடல்களில்தான் முழுமையாக மாறின. 1971 கார்வெட் என்ற அமெரிக்க ஸ்போர்ட்ஸ் காரின் எல்டி-1 எஞ்சினுக்கு இரண்டு எண்களும் உண்டு: கிராஸ் 330, நெட் 275. எஞ்சின் ஒன்றேதான், அளக்கும் முறை மாறியதில் 55 குதிரைகள் லாயத்தை விட்டு ஓடிவிட்டன. ஈ-டைப்பின் 265-உம் தாராள மனத்தோடு போட்ட கணக்குதான் என்பதால், இந்த விஷயத்தில் அட்லாண்டிக்கின் ஒரு கரையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

இரண்டு கார்களும் பிறந்த இடத்தைப் பார்த்தால் வேறுபாடு தானாகவே விளங்கும். நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சின் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் தலைமையகம் தடை போட்டிருந்தது. அதன் பிரிவான பான்டியாக்கில் ஜான் டிலோரியனும் அவருடைய சக பொறியாளர்களும் 389 கன அங்குல, அதாவது 6.4 லிட்டர் வி8 எஞ்சினை டெம்பெஸ்ட் காருக்குள் இறக்கி, அதைத் தனி மாடலாகக் காட்டாமல் ஏறத்தாழ 296 டாலர் விலையுள்ள விருப்பத் தொகுப்பாக விற்றார்கள். தடை மாடல்களுக்குத்தானே தவிர விருப்பத் தொகுப்புக்கு இல்லை என்பது அவர்கள் கண்ட ஓட்டை. முதல் ஆண்டிலேயே 32,000-க்கும் மேற்பட்ட கார்கள் விற்றன. அவற்றை வாங்கிய இளைஞர்களின் களம் டெட்ராய்ட்டின் உட்வர்டு அவென்யூ போன்ற அகலமான, நேரான சாலைகள். சிக்னலில் பச்சை விழுந்ததும் யார் முன்னால் பாய்கிறார்கள் என்பதுதான் அங்கே பந்தயம்; அதன் முறையான வடிவம் 402 மீட்டர் தூரமுள்ள கால் மைல் ஓட்டம். அதற்குத் தேவை நிமிடத்துக்கு 3,200 சுழற்சியிலேயே முழுதாகக் கிடைக்கும் முறுக்குவிசை, அதாவது சக்கரத்தைத் திருப்பும் விசை. ஜிடிஓவில் அது 428 பவுண்டு-அடி, ஈ-டைப்பில் 260.

அந்த ஆண்டின் மிகப் பெரிய வேடிக்கை 'கார் அண்ட் டிரைவர்' இதழின் 1964 மார்ச் அட்டையில் வந்தது. ஜிடிஓ என்ற பெயரே ஃபெராரி 250 ஜிடிஓவிடமிருந்து எடுத்ததுதான். இதழ் அந்த இரண்டையும் மோதவிட்டது போல அட்டைப்படம் போட்டது. ஆனால் சோதனைக்கு ஃபெராரி வரவே இல்லை. வந்த பான்டியாக் மணிக்கு 60 மைல் வேகத்தை 4.6 விநாடியில் தொட்டது. கால் மைலை 13.1 விநாடியில் கடந்தது. அந்தக் காரின் மூடிக்குள் இருந்தது 389 அல்ல, 421 கன அங்குல எஞ்சின் என்பதை, அன்று பான்டியாக்கின் விளம்பரத்தைக் கவனித்த ஜிம் வாங்கர்ஸ் பல ஆண்டுகள் கழித்து ஒப்புக்கொண்டார். பழைய இதழ்களின் விநாடிக் கணக்கைக் கொண்டு வாதாடுபவர்களிடம் நான் எப்போதும் இந்தக் கதையைத்தான் சொல்வேன். ஈ-டைப்பும் இதில் புத்தர் அல்ல: பத்திரிகையாளர்கள் ஓட்டிய கார் 150 மைலைத் தொட்டது, ஆனால் கடையில் வாங்கியவரின் கார் அந்த எண்ணை எட்டுவது அரிதாகவே இருந்தது.

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். ஜாகுவாரின் சி-டைப் 1953 லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் சக்கரத்தோடு சுழலும் தட்டை இரு பக்கமும் கவ்வி நிறுத்தும் டிஸ்க் பிரேக்கோடு வென்றது. எதிராளிகள் வளைவுக்கு வெகு முன்பே பிரேக்கை மிதிக்க வேண்டியிருந்தபோது, ஜாகுவார் ஓட்டுநர்கள் இன்னும் கொஞ்ச தூரம் வேகத்தோடு போய்ப் பிறகு மிதித்தார்கள். அந்த அனுபவம் ஈ-டைப்பின் நான்கு சக்கரங்களிலும் இறங்கியது. பின்சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷனும் சேர்ந்தது. 1964 ஜிடிஓவிலோ நான்கும் டிரம் பிரேக், அதாவது சுழலும் உருளைக்குள் 'ஷூ' என்ற வளைந்த கட்டைகள் அழுத்தி நிறுத்தும் வகை; பின்னால் ஒரே துண்டான அச்சு. ஒன்றரை டன்னுக்கு மேற்பட்ட கார் மணிக்கு 160 கிலோமீட்டரில் போகும்போது, 80-இல் போவதைப் போல நான்கு மடங்கு ஆற்றலைச் சுமந்திருக்கிறது. அத்தனையும் வெப்பமாக டிரம்முக்குள் இறங்க வேண்டும். சூடேறிய டிரம் விரிந்து, உள்ளே அழுத்தும் ஷூவை விட்டு விலகுகிறது. ஷூவின் மேல் ஒட்டிய லைனிங் பட்டையின் உராய்வும் குறைகிறது. முதல் தடவை நன்றாகவே நிற்கும். மூன்றாவது, நான்காவது தடவை மிதி தரையை நோக்கிப் போகும்.

உட்வர்டு சாலையில் ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதம் நடக்கும் பழைய கார் அணிவகுப்பில் ஒரு நண்பரின் மசில் காரில் முன்னிருக்கையில் உட்கார்ந்திருந்தேன். நின்ற நிலையிலேயே அவர் ஆக்சிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டினார். எஞ்சினின் சுழல்தண்டான கிராங்க் ஒரு பக்கம் சுழல, அதன் எதிர்விசையில் கார் முழுவதும் என் பக்கமாக, வலப்புறம், தோளைச் சாய்த்து நிமிர்ந்தது. பெட்ரோல் வாசனை உள்ளே வந்தது. எந்த எண்ணும் சொல்லித்தராத பாடம் அது. மசில் காரை ஏன் மனிதர்கள் காதலிக்கிறார்கள் என்று அந்த நொடியில் புரிந்தது.

எடையைக் குறைத்து வேகம் தேடிய பாதைக்கு 1973 போர்ஷே 911 கரேரா ஆர்எஸ் 2.7 நல்ல சாட்சி. எஞ்சின் 2.7 லிட்டர், 210 குதிரைத்திறன். இலகு வடிவத்தில் ஆயிரம் கிலோவுக்கும் குறைவு. 0-100 கிலோமீட்டர் 5.8 விநாடி. 1970 செவர்லே செவெல் எஸ்எஸ்ஸின் எல்எஸ்6 எஞ்சினோ 7.4 லிட்டர், கிராஸ் 450 குதிரைத்திறன். கால் மைலில் செவெல் முந்தும். ஆல்ப்ஸ் மலைப்பாதையில் விட்டால் இரண்டாவது கொண்டை ஊசி வளைவுக்குப் பிறகு அது போர்ஷேயின் கண்ணாடியில் தெரியாது. போர்ஷேயும் சாதுவல்ல: எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் இருப்பதால், வளைவின் நடுவில் பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வால் சுழலும்.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: நேர்சாலையில் முதல் 15 விநாடிக்கு ஜிடிஓ, அதற்குப் பிறகு ஈ-டைப். இரண்டையும் ஒரே காரில் வேண்டுபவருக்கு நான் காட்டுவது 1965 கார்வெட். வி8 எஞ்சின், தனித்தனிப் பின் சஸ்பென்ஷன், நான்கு சக்கரத்திலும் டிஸ்க். மேற்சொன்ன நண்பர் போன ஆண்டு தம் காரின் முன்சக்கரங்களுக்கு மட்டும் டிஸ்க் பிரேக் மாற்றிக்கொண்டார். அசல் டிரம்களை எண்ணெய் தடவித் துணியில் சுற்றி, விற்கும்போது கேட்பார்கள் என்று கராஜில் எடுத்து வைத்திருக்கிறார்.