செட் ஆகுமா, ஆகாதா?

இந்த வாட்டி வந்த கேள்வில பாதிக்கு மேல ஒரே வார்த்தைய சுத்தித்தான் இருக்கு, செட். அதனால மத்ததெல்லாம் ஓரமா வச்சுட்டு இத மட்டும் பார்த்துடலாம்.

இங்கிலீஷ்லயே அதிக அர்த்தம் இருக்குற வார்த்தை செட்தானே சார்?

ரொம்ப நாள் அப்படித்தான் இருந்துச்சு. 1989ல வந்த ஆக்ஸ்ஃபோர்டு பெரிய அகராதியோட ரெண்டாம் பதிப்புல வினைச்சொல்லா வர்ற செட்டுக்கு மட்டும் 430 அர்த்தத்துக்கு மேல, விளக்கம் கிட்டத்தட்ட 60,000 வார்த்தை, ஒரு குட்டி நாவலே எழுதிடலாம். அப்புறம் 'ரன்' அத முந்திருச்சு. பீட்டர் கில்லிவர்னு அங்க வேலை பாத்த அகராதி ஆசிரியர் அந்த ஒத்த வார்த்தையோட ஒன்பது மாசம் உக்காந்து 645 அர்த்தம் பிரிச்சு வச்சாரு. குவிஸ்ல கேட்டா இனிமே ரன்னுன்னே சொல்லுங்க.

இத்தனையும் மனப்பாடம் பண்ணணுமா? பொண்ணு பத்தாவது படிக்கிறா, அழறா.

வேணாம்மா, அழ விடாதீங்க. நம்ம தமிழ் இலக்கணத்துல தன்வினை பிறவினை படிச்சிருப்பா இல்லயா, உருள் - உருட்டு, திருந்து - திருத்து, அதே கதைதான் இது. சிட்னா உக்காரு, செட்னா உக்கார வை. பழைய இங்கிலீஷ்லயே அந்த ஜோடி இருந்துச்சு. இத மனசுல வச்சுக்கிட்டா பாதி தானா விழும்: மோதிரத்துல கல்ல உக்கார வைக்கிறது செட், விலகுன எலும்ப அதோட இடத்துல உக்கார வைக்கிறது செட், அலாரத்த ஆறு மணில உக்கார வைக்கிறது செட், எலிப்பொறி வைக்கிறதும் செட். சூரியன் கீழ போய் உக்காந்தா அதுவும் செட்.

ஆனா ஒண்ணு, 'ஒரு செட் பாத்திரம்'னு சொல்றோமே, அந்த செட் வேற வீட்டுப் பிள்ளை. லத்தீன்ல செக்டான்னு ஒரு சொல், ஒருத்தர் பின்னாடி போற கூட்டம்னு அர்த்தம், அது பிரெஞ்சு வழியா வந்து சேர்ந்துச்சு, மதப்பிரிவ சொல்ற 'செக்ட்'டும் அதே வழிதான். ரெண்டும் ஒரே மாதிரி ஒலிச்சதால காலப்போக்குல ஒண்ணோட ஒண்ணு கலந்துபோச்சு, பிரிச்சுப் பாக்குறது அகராதிக்காரங்க தலைவலி.

நேத்து பண்ணதுக்கு 'செட்டட்'னு போடலாமா?

கூடவே கூடாது. இன்னைக்கும் செட், நேத்தும் செட், முடிஞ்சுபோனதும் செட்.

'அவனுக்கும் எனக்கும் செட் ஆகல', இத இங்கிலீஷ்ல எப்படி சொல்றது?

எல்லாரும் மாட்டுற இடம் இது. நானும் மாட்டியிருக்கேன். முதல் வேலைக்குப் போன்ல இன்டர்வியூ, நைட் ஷிப்ட் ஓகேவான்னு கேட்டாங்க, நான் தைரியமா 'தட் டைமிங் இஸ் நாட் செட்டிங் ஃபார் மீ'ன்னு விட்டேன், அந்தப் பக்கம் ரெண்டு செகண்ட் சத்தமே இல்ல, அப்புறம் 'ஹூ இஸ் செட்டிங் வாட்?'ன்னு ஒரு கேள்வி. வேலை கிடைக்கல, அது வேற விஷயம். பொருந்தலன்னு நாம சொல்ற இந்த செட் தமிழ்ல வளந்த பிள்ளை, அங்க கிடையாது. ஆளுங்களுக்குள்ள ஒத்துப்போகலன்னா 'வி டோன்ட் கெட் அலாங்', சட்டை கலர் பொருந்தலன்னா 'இட் டஸ்ன்ட் சூட் மீ', நேரம் ஒத்துவரலன்னா 'தட் டைம் டஸ்ன்ட் வொர்க் ஃபார் மீ'. மூணு இடத்துக்கு மூணு வார்த்தை, நாம ஒரே வார்த்தைல முடிச்சுடுறோம், அதுல நமக்குத்தான் லாபம்.

தீர்ப்ப 'செட் அசைட்' பண்ணிட்டாங்கன்னு போட்டிருந்துச்சு. ஒத்திவச்சுட்டாங்களா?

இல்ல, ரத்து பண்ணிட்டாங்க. வீட்டுல 'செட் அசைட்'னா அப்புறமா ஆகும்னு தனியா எடுத்து வைக்கிறது, சமையல் குறிப்புல வறுத்த முந்திரிய அப்படித்தான் வைக்கச் சொல்லுவாங்க. கோர்ட்டுல அதே சொல்லுக்கு கீழ்க்கோர்ட்டு போட்ட உத்தரவு இனி செல்லாதுன்னு அர்த்தம். ஒத்திவைக்கிறதுக்கு அட்ஜர்ன். சொந்தக் கேஸ்னா இந்த வித்தியாசம் தெரியாம ஸ்வீட் வாங்கிடாதீங்க, அழுதுடவும் வேணாம்.

சிமெண்ட் செட் ஆயிருச்சுன்னா ஸ்ட்ராங் ஆயிருச்சுன்னு தானே அர்த்தம்?

அதான் இல்ல. இங்க செட்டுன்னா தளதளன்னு இருந்தது உறைஞ்சு நிக்கிறது, தயிரும் ஜெல்லியும் செட் ஆகுற மாதிரி. சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்ட் 30 நிமிஷத்துக்குள்ள இறுக ஆரம்பிக்கக் கூடாது, 600 நிமிஷத்துக்குள்ள இறுகி முடிச்சிருக்கணும்னு நம்ம இந்தியத் தர அளவுலயே இருக்கு. பலம் ஏறுறது அதுக்கப்புறம் நாள்கணக்கா நடக்குற வேலை, அதுக்கு 'ஹார்டனிங்'னு தனிப் பேரு. அதான் கெட்டியாயிடுச்சேன்னு நிறுத்தாம மேஸ்திரி பாத்தி கட்டித் தண்ணி தேக்கச் சொல்றாரு.

செட் தோசை, பம்பு செட், மைக் செட், பல் செட், எல்லாமே இங்கிலீஷ்தானா?

சொல்லு அவங்களது, பொழப்பு நம்மளது. தோசை ரெண்டு மூணா சேர்ந்து வர்றதால செட். பம்பு செட் அப்படியே சொல்லலாம், புரியும். 'நாங்கல்லாம் ஒரே செட்டு'ன்னு காலேஜ் கூட்டாளிய சொல்றதுக்கு 'பேட்ச்' பொருந்தும். பல் செட்டுக்கு மட்டும் 'டென்ச்சர்'னு கேளுங்க, 'செட் ஆஃப் டீத்'னா வாயில தானா முளைச்ச சொந்தப் பல்லும் அதுல வந்துடும்.