பி.ஏ.வில் வரலாற்றையும் அரசியல் அறிவியலையும் சேர்த்துப் படிக்கலாமா, ஒன்றை மட்டும் எடுப்பது நல்லதா?

கேட்டவர் பிளஸ் டூ முடிக்கப் போகும் மாணவர். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. புரோகிராமில் வரலாறும் அரசியல் அறிவியலும் எடுக்கலாமா, ஏதாவது ஒன்றை மட்டும் முதன்மையாகப் படிக்கும் ஆனர்ஸில் சேர்ந்தால்தான் மதிப்பா என்று கேட்டிருக்கிறார். நான் டெல்லியில் படித்தது இந்த இரட்டைப் பாடத்தைத்தான். இப்போது ஒரு கல்லூரியில் அரசியல் அறிவியல் நடத்துகிறேன்.

நவீன இந்தியாவைப் புரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசையில்தான் கேட்கிறீர்கள் என்றால், தயங்காமல் சேர்த்தே படியுங்கள். ஆனால் ஒன்றை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்: இந்த இரண்டையும் யாரும் உங்களுக்கு இணைத்துத் தர மாட்டார்கள். துறை வேறு, ஆசிரியர் வேறு, விடைத்தாள் திருத்தும் கண்ணும் வேறு. இணைக்கும் வேலை முழுக்க உங்களுடையது. அதைச் செய்யாவிட்டால் இரண்டு பாடங்களை அரைகுறையாகப் படித்தவர் என்ற பெயர்தான் மிஞ்சும். செய்தால் ஆனர்ஸ் படித்தவருக்கு எளிதில் கிடைக்காத ஒரு பார்வை கிடைக்கும்.

நமக்கு நெருக்கமான ஓர் உதாரணம் சொல்கிறேன். அரசியல் அறிவியல் வகுப்பில் அரசமைப்புச் சட்டத்தின் 15(4) வரும். சமூகத்திலும் கல்வியிலும் பின்தங்கிய வகுப்பினருக்கு அரசு தனி ஏற்பாடு செய்யலாம் என்பது அதன் சாரம். 1951-ல் முதல் திருத்தம் கொண்டுவந்தது, மருத்துவக் கல்லூரிச் சேர்க்கை பற்றிய சம்பகம் துரைராஜன் வழக்கு அதற்குக் காரணம் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்த பிரிவுக்குப் போய்விடுவார்கள். வரலாற்று வகுப்பிலோ 1916-ல் வந்த பிராமணரல்லாதார் அறிக்கை, நீதிக்கட்சி, 1920 தேர்தல், இடங்களைச் சமூகவாரியாகப் பங்கிட்ட 1921-ன் வகுப்புவாரி அரசாணை எல்லாம் வரும். 1947 வந்ததும் பெரும்பாலும் பாடம் நின்றுவிடும்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1950-ல் சென்னை மாநிலத்து மருத்துவ, பொறியியல் கல்லூரிகளில் ஒவ்வொரு 14 இடமும் இப்படிப் பிரிக்கப்பட்டது: பிராமணரல்லாத இந்துக்கள் 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்கள் 2, பிராமணர் 2, அரிஜனர் 2, ஆங்கிலோ இந்தியரும் இந்தியக் கிறிஸ்தவரும் 1, முஸ்லிம்கள் 1. ஏறக்குறைய ஒரு தலைமுறையாக வேர்விட்டிருந்த முறை அது. 1950 ஜனவரியில் புதிய அரசமைப்புச் சட்டம் வந்ததும் அதே ஆண்டில் சம்பகம் துரைராஜன் வழக்கு வந்துவிட்டது. உயர் நீதிமன்றம் அரசாணையை ரத்து செய்தது. 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. வேலைவாய்ப்பில் இட ஒதுக்கீட்டுக்கு 16(4) இருக்கிறது, கல்விக்கு அப்படி ஒன்றும் இல்லையே என்பது நீதிமன்றம் சுட்டிக்காட்டிய விஷயங்களில் ஒன்று. பொறியியல் இடம் கேட்ட இன்னொரு மாணவருக்காக வாதாடியவர் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர். அரசமைப்புச் சட்ட வரைவுக் குழுவில் இருந்தவர் அவர்! தமிழ்நாட்டில் கிளர்ச்சி எழுந்தது, பெரியார் முன்னால் நின்றார். 1951 ஜூனில் திருத்தம் வந்தது. திருத்தியது யார் தெரியுமா? முதல் பொதுத்தேர்தல் அப்போது நடந்திருக்கவில்லை. அரசமைப்புச் சட்டத்தை எழுதிய அரசமைப்பு நிர்ணய சபையே தற்காலிக நாடாளுமன்றமாகத் தொடர்ந்துகொண்டிருந்தது. எழுதியவர்களே ஒன்றரை ஆண்டு முடிவதற்குள் திருத்தினார்கள்.

வரலாறு மட்டும் படித்தவருக்கு இது ஒரு போராட்டத்தின் வெற்றி. அரசியல் அறிவியல் மட்டும் படித்தவருக்கு அடிப்படை உரிமைக்கும் வழிகாட்டு நெறிக்கும் நடந்த மோதல். இரண்டையும் படித்தவருக்குத்தான் அடுத்த கேள்விகள் வரும். ‘வகுப்பு’ என்று சட்டம் சொல்வது யாரை? 1921-ல் உருவான பிரிவுகள் 1951-ன் சட்டச் சொற்களுக்குள் எப்படி நுழைந்தன? நீதிமன்றத் தீர்ப்பை நாடாளுமன்றம் திருத்தம் போட்டு மாற்றும் வழக்கம் எங்கே தொடங்கியது? இந்தக் கேள்விகள் உங்களுக்குச் சுவையாக இருந்தால் இந்தப் படிப்பு உங்களுக்கானது.

இதே மாதிரி இன்னொன்று, அரசமைப்புச் சட்டத்தின் 356-ம் பிரிவு. மாநில ஆட்சியைக் கலைக்கும் பிரிவு என்று எல்லோருக்கும் தெரியும். அது 1935 இந்திய அரசுச் சட்டத்தின் 93-ம் பிரிவின் வாரிசு என்பது வரலாற்றுத் தாளைப் படிக்கும்போதுதான் உறைக்கும். 1939 அக்டோபரில் ராஜாஜி அமைச்சரவை விலகியதும் அந்த 93-ஐ வைத்துத்தான் ஆளுநர் சென்னை மாகாணத்தை 1946 வரை ஆண்டார். அந்நிய ஆட்சியின் கருவியைச் சுதந்திர நாடு ஏன் வைத்துக்கொண்டது? அரசமைப்பு நிர்ணய சபையில் இதைக் கடுமையாக எதிர்த்துப் பேசினார்கள். இது பயன்படாமலே கிடக்கும் என்று நம்புவதாக அம்பேத்கர் பதில் சொன்னார். 1976 ஜனவரி 31 அன்று கருணாநிதி ஆட்சி கலைக்கப்பட்டது இதே பிரிவின் கீழ்தான். 1994-ல், மாநில ஆட்சிக் கலைப்பை எதிர்த்த பொம்மை வழக்கின் தீர்ப்பு வந்த பிறகுதான் இதற்கு ஓரளவு கடிவாளம் விழுந்தது. தேர்வில் இது ஐந்து மார்க் கேள்வி. உண்மையில் அறுபது ஆண்டுக் கதை.

சரி, இணைப்பது எப்படி? என் மாணவர்களிடம் நான் சொல்வது இதுதான். எந்தப் பிரிவைப் படித்தாலும் ஒரு நோட்டில் மூன்று விஷயங்களை எழுதிவையுங்கள்: 1950-க்கு முன் இதன் வடிவம் என்ன, நிர்ணய சபையில் இதை எதிர்த்தவர் என்ன சொன்னார், முதன்முதலில் இது யார் மீது பாய்ந்தது. நிர்ணய சபை விவாதங்கள் முழுவதும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. டெல்லியில் படித்தால் ஜன்பத்தில் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது, தீன்மூர்த்தி நூலகமும் இருக்கிறது. சென்னையில் என்றால் எழும்பூர் ஆவணக் காப்பகம். பாடப்புத்தகத்தில் ‘வயது வந்தோர் வாக்குரிமை’ என்று மூன்று சொல்லில் முடிவது, முதல் தேர்தலின் ஆவணங்களில் வேறாகத் தெரியும். இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்று மட்டும் சொல்லித் தங்கள் பெயரைச் சொல்லாத ஏறக்குறைய 28 லட்சம் பெண்களின் பதிவுகள் வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. உரிமை என்ற கருத்துக்கும் அது வீட்டு வாசலுக்கு வந்து சேர்வதற்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதை எனக்குக் காட்டியது இந்தத் தகவல்தான்.

எழுத்துமுறையிலும் இழுபறி இருக்கும். வரலாற்று ஆசிரியர் ‘இதற்குச் சான்று எங்கே?’ என்பார். அரசியல் அறிவியல் ஆசிரியர் ‘உன் வாதம் என்ன?’ என்பார். முதல் ஆண்டில் இரண்டு பேரும் திருப்தி அடைய மாட்டார்கள். பயப்பட வேண்டாம், அந்த இரண்டு கேள்விகளும் உங்களுக்குள் பழகிவிடும்.

யாருக்கு இது வேண்டாம்? சங்ககாலம், சோழர், முகலாயர் என்று பழைய காலத்தில் ஆய்வு செய்யும் எண்ணம் இருந்தால் வரலாற்றில் ஆனர்ஸ் போங்கள். அதற்குக் கல்வெட்டும், பாரசீகமோ சமஸ்கிருதமோ ஏதாவது ஒரு மொழியும் வேண்டும்; அந்த நேரத்தை இரட்டைப் பாடம் தராது. அதே போல, பன்னாட்டு உறவுகளில் மட்டும்தான் ஆர்வம் என்றாலும் அரசியல் அறிவியல் ஆனர்ஸே போதும்.

நடைமுறை விஷயங்கள் சில. டெல்லியில் சேர்க்கை 2022 முதல் க்யூட் நுழைவுத்தேர்வு வழியாக நடக்கிறது. அப்போதிருந்து நான்காம் ஆண்டும் உண்டு, வேண்டாமென்றால் மூன்றாண்டுப் பட்டத்தோடு வந்துவிடலாம். அங்கே ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத வேண்டியிருக்கும். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு முதல் ஆண்டு கடினம், இதை மறைக்க விரும்பவில்லை. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் வரலாறு மேஜர் எடுத்து, அரசியல் அறிவியலை அலைடாக வைக்கும் வழி இருக்கிறது. பல இடங்களில் தமிழிலேயே எழுதலாம். அதுவும் நல்ல வழிதான். நோட்டுப் பழக்கத்தை மட்டும் விடாதீர்கள்.

யு.பி.எஸ்.சி. நடத்தும் குடிமைப் பணித் தேர்வுக்காகத்தான் என்றால், மெயின்ஸில் 1,750 மதிப்பெண்ணில் விருப்பப்பாடத்துக்கு 500. அதில் ஒரு பாடம்தான் எடுக்க முடியும். மற்றது பொதுஅறிவுத் தாள்களில் உதவும், நவீன இந்திய வரலாறு முதல் தாளிலும் ஆட்சியமைப்பு இரண்டாம் தாளிலும் வருகிறது. தேர்வுக்காக மட்டும் இதை எடுப்பதை நான் ஊக்குவிக்க மாட்டேன், மூன்று ஆண்டுகள் நீண்ட காலம்.

விண்ணப்பிக்கும் முன் ஒரு மாலையை ஒதுக்கி, 1949 ஆகஸ்ட் 3, 4 தேதிகளின் நிர்ணய சபை விவாதத்தைப் படியுங்கள். 356 பற்றிய வாதம் அங்கேதான் இருக்கிறது. பேசுகிறவர்கள் எந்த மாகாணம், எந்தச் சிறையிலிருந்து வந்தவர்கள் என்று நீங்களாகவே தேடத் தொடங்கிவிட்டால் இரட்டைப் பாடத்துக்கே விண்ணப்பம் போடுங்கள்.