புலி வேடத்துக்கு அக்ரிலிக் வேண்டாம்

வணக்கம் சகோதரி. ஐந்து வயது மகனுக்குப் பள்ளி ஆண்டு விழாவில் புலி வேடம், வீட்டில் இருக்கும் அக்ரிலிக் பெயின்ட்டில் 'நான்-டாக்ஸிக்' (நச்சில்லாதது) என்று போட்டிருக்கிறது, முகத்தில் பூசலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து பூசாதீர்கள்.

அந்தச் சொல் காகிதத்திலும் துணியிலும் தீட்டுகிற வேலையை வைத்துச் சொன்னது. முகத்துக்கு ஏற்றது என்று அதற்கு அர்த்தமில்லை. அக்ரிலிக் காய்ந்தால் பிளாஸ்டிக் படலம் மாதிரி ஆகிவிடும். உரிக்கும்போது பூனைமுடியும் தோலும் சேர்ந்து இழுபடும். ஒரு விழாவில் என் மகளுக்கு இதைப் பூசிவிட்டார்கள். இரண்டு நாள் கன்னம் சிவந்து எரிச்சலில் அழுதாள். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

முகத்துக்கென்றே விற்கும் ஃபேஸ் பெயின்ட் வாங்குங்கள். நம் நாட்டில் அழகுசாதனப் பொருட்களுக்கு 2020ஆம் ஆண்டின் விதிகள் இருக்கின்றன. லேபிளில் தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், பேட்ச் எண், காலாவதி நாள், உட்பொருள் பட்டியல் எல்லாம் இருக்கிறதா பாருங்கள். வெளிநாட்டுச் சரக்கென்றால் இறக்குமதிப் பதிவு எண்ணும் வேண்டும். உட்பொருள் பட்டியலில் நிறங்கள் பெரும்பாலும் 'சி.ஐ.' (கலர் இண்டெக்ஸ், அதாவது நிறங்களுக்கு எண் கொடுக்கும் பட்டியல்) என்று தொடங்கும் எண்ணாக இருக்கும். 77491 சிவப்பு இரும்பு ஆக்சைடு, 77492 மஞ்சள், 77499 கறுப்பு. புலிக்கு இந்த மூன்றே போதும். பட்டியலே இல்லாத டப்பாவைக் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

அப்புறம், விழாவுக்கு இரண்டு நாள் முன்னாலேயே முழங்கை மடிப்பில் கொஞ்சம் பூசிப் பாருங்கள். கண்ணோரமும் உதடும் வேண்டாம். கன்னத்திலும் நெற்றியிலும் நாலு கோடு போட்டாலே புலிதான்.