எக்கோ காட்டுகிறது, புரோகிராமுக்கு மட்டும் தெரியவில்லையே!

(கட்டளைகளை ஒலிப்படி எழுதியிருக்கிறோம். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். $ஹோம், பாத், டிபி_பாத் ஆகிய பெயர்கள் மட்டும் பெரிய எழுத்தில், மற்றவை சிறிய எழுத்தில்.)

கேள்வி: ஆத்தங்குடி டைல்ஸ் கடைக்காகப் பைத்தானில் சரக்கிருப்புப் புரோகிராம் எழுதியிருக்கிறேன். டேட்டா ஃபைல் இருக்கும் இடத்தை டெர்மினலில் டிபி_பாத் என்று கொடுக்கிறேன். எக்கோ (மதிப்பைத் திரையில் காட்டும் கட்டளை) போட்டால் சரியாக வருகிறது. புரோகிராமை ஓட்டினால் 'கீ எரர்', அதாவது அந்தப் பெயரே இல்லை என்கிறது. ராத்திரி கிரானில் (குறித்த நேரத்தில் தானே ஓட்டும் வசதி) ஓடவிட்டாலும் அதேதான். – வாசகர், காரைக்குடி

பதில்: நீங்கள் எக்ஸ்போர்ட் போடவில்லை. வெறும் பெயர்=மதிப்பு என்று எழுதினால் அது அந்த ஷெல்லோடு (டெர்மினலில் நம் கட்டளைகளை வாங்கி ஓட்டும் புரோகிராம்) நின்றுவிடும். எக்ஸ்போர்ட் ஆனதை மட்டுமே ஷெல் நகலெடுத்துப் புரோகிராமிடம் கொடுத்தனுப்பும். உங்கள் பக்கம் மகனை வேறு வைக்கும்போது சாமான் சட்டெல்லாம் கொடுத்து, அதே வீட்டுக்குள் தனி அடுப்பு மூட்டவைப்பார்கள் அல்லவா? அதற்கப்புறம் அந்த அடுப்பில் என்ன மாற்றினாலும் ஆத்தாவின் அடுப்படியில் ஒன்றும் மாறாது. இங்கேயும் அப்படித்தான். மதிப்புகளை ஒரு ஸ்கிரிப்ட்டில் எழுதி ஓட்டினால், அது முடிந்ததும் எல்லாம் போய்விடும். 'சோர்ஸ்' என்று முன்னால் போட்டு ஓட்டினால்தான் இதே ஷெல்லில் தங்கும்.

எழுத வேண்டியது: எக்ஸ்போர்ட் டிபி_பாத்="$ஹோம்/சரக்கு/இருப்பு.டிபி"

சமக்குறிக்கு இருபுறமும் இடைவெளி கூடவே கூடாது. விட்டால் பாஷ் (உங்கள் ஷெல்லின் பெயர்) 'நாட் எ வேலிட் ஐடென்டிஃபையர்' என்கும். ~ குறியும் $ஹோமும் உங்கள் ஹோம் ஃபோல்டரைக் குறிப்பவை. இரட்டை மேற்கோளுக்குள் ~ குறி விரியாது, அதனால்தான் $ஹோம்.

உங்களைக் குழப்பியது எக்கோதான். $டிபி_பாத் என்பதை ஷெல்லே விரித்து எக்கோவிடம் தருவதால், எக்ஸ்போர்ட் ஆகாததும் அழகாகத் தெரியும். 'பிரிண்ட்என்வ் டிபி_பாத்' போட்டுப் பாருங்கள். ஒன்றும் வராவிட்டால் புரோகிராமுக்கும் போகவில்லை என்று அர்த்தம்.

அந்த வரியை .பாஷ்ஆர்சி கோப்பின் கடைசியில் சேர்த்தால் புது டெர்மினல் ஒவ்வொன்றிலும் இருக்கும். கிரான் அதைப் படிக்காது. 'கிரான்டேப் -ஈ' திறந்து, நேர வரிக்கு மேலே டிபி_பாத்=/ஹோம்/கடை/சரக்கு/இருப்பு.டிபி என்று எழுதுங்கள். அங்கே எக்ஸ்போர்ட் வேண்டாம், $ஹோமும் விரியாது, முழுப் பாதை தேவை. டெபியன், உபுண்டுவில் கிரானின் பாத் (கட்டளைகளைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல்) வழக்கமாக /யுஎஸ்ஆர்/பின், /பின் இரண்டுதான். பைத்தானையும் முழுப் பாதையோடு அழையுங்கள்.

கேள்வி: பாத்தில் என் ஃபோல்டரைச் சேர்த்தேன். இப்போது எல்எஸ் (ஃபைல்களைப் பட்டியலிடும் கட்டளை) கூட ஓடவில்லை. – வாசகி, தேவகோட்டை

பதில்: சேர்க்கவில்லை, பழையதை அழித்துவிட்டீர்கள். பயப்படாதீர்கள், ஃபைல் எதுவும் போகவில்லை. சிடி (ஃபோல்டர் மாறும் கட்டளை), எக்ஸ்போர்ட் இரண்டும் பாஷுக்குள்ளேயே இருப்பவை என்பதால் இன்னும் ஓடும். முதலில் எக்ஸ்போர்ட் பாத்=/யுஎஸ்ஆர்/லோக்கல்/பின்:/யுஎஸ்ஆர்/பின்:/பின் என்று தட்டுங்கள். உடனே எல்எஸ் வந்துவிடும். பிறகு நானோ எடிட்டரில் .பாஷ்ஆர்சியைத் திறந்து, அந்த வரியை எக்ஸ்போர்ட் பாத்="$பாத்:$ஹோம்/பின்" என்று திருத்துங்கள். உங்கள் ஃபோல்டர் பின்னால் இருப்பதே நல்லது. முன்னால் வைத்தால், அதில் எல்எஸ் என்ற பெயரில் ஏதாவது கிடந்தால் அதுதான் முதலில் ஓடும்.

கேள்வி: சூடோ (அட்மின் அதிகாரத்தோடு ஓட்டும் கட்டளை) போட்டால், எக்ஸ்போர்ட் செய்த மதிப்பு காணாமல் போகிறதே? – வாசகர், புதுவயல்

பதில்: பாதுகாப்புக்காகச் சூடோ பெரும்பாலானவற்றைக் கழற்றிவிடும். 'சூடோ என்வ் டிபி_பாத்=பாதை புரோகிராம்' என்று அங்கேயே கொடுத்துவிடுங்கள்.