1780 தாலர் ஏலத்தில் விலைபோகாதது ஏன்

ஆஸ்திரிய அரசி மரியா தெரேசாவின் முகம் பொறித்த ‘தாலர்’ என்ற வெள்ளி நாணயத்தை ஏலத்தில் போட்டும் யாரும் கேட்கவில்லை, படம் சரியில்லையோ என்று கேட்டிருந்தீர்கள். ஏலத் தலைப்பில் போட்டிருக்கும் ‘1780 அசல்’ என்பதை முதலில் எடுத்துவிடுங்கள். ஒரு லட்சம் ரூபாய் தொடக்க விலையையும். ஒருவர்கூட ஏலம் கேட்காததற்குப் படம் காரணமாக இருக்காது.

மரியா தெரேசா 1780இல் இறந்த பிறகும் அதே ஆண்டைப் பொறித்தே தாலரை அடித்துக்கொண்டிருந்தார்கள். வியன்னாவில் மட்டுமல்ல, ரோம், லண்டன், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நம் பம்பாயிலும்கூட. எத்தியோப்பியா, ஏமன் சந்தைகளில் அப்போது இந்த முகத்துக்குத்தான் மதிப்பு இருந்தது. சேகரிப்பாளர்களுக்கு இதெல்லாம் அத்துப்படி. ‘அசல்’ என்று பார்த்தாலே நகர்ந்துவிடுவார்கள்.

நகைக்கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். 28.07 கிராம் அளவில் இருக்க வேண்டும், விளிம்பில் லத்தீன் எழுத்துகளும் வேண்டும். எடை நன்றாகவே குறைந்தால் போலி என்று சந்தேகப்படலாம். சரியாக இருந்தால் அதில் சுத்த வெள்ளி சுமார் 23.4 கிராம். அன்றைய வெள்ளி விலைக்குச் சற்றுக் கீழே தொடங்கி, ‘பிற்கால அச்சு’ என்று எழுதுங்கள். தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள்.

எடை மட்டும் அச்சின் காலத்தைச் சொல்லாது. பழைய அச்சு என்று தோன்றினால் விவரம் தெரிந்தவரிடம் காட்டிவிட்டு விலை வையுங்கள். அப்புறம், 100 ஆண்டு கடந்த நாணயம் என்றால் இந்தியாவிலிருந்து வெளிநாட்டுக்கு அனுப்ப 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் விடாது. உள்நாட்டு ஏலம்தான் வழி.