எங்கள் தோட்டத்துக் காணி உறுதிப் பிரச்சினையைப் பாராளுமன்றத்தில் அமைச்சரிடம் கேட்க வைப்பது எப்படி? கேட்டால் பலன் உண்டா?

கேட்டவர் ஹட்டன் பக்கத் தோட்டமொன்றைச் சேர்ந்தவர். 7 பேர்ச்சஸ் காணியில் வீடு கிடைத்துச் சில வருடங்கள் ஆகியும் உறுதி (காணி உரிமைப் பத்திரம்) வரவில்லை. எம்.பி. "பாராளுமன்றத்தில் கேட்கிறேன்" என்று சொல்லியிருக்கிறார். வெளிநாட்டில் வீட்டுப் பணிக்குப் போன உறவுக்காரப் பெண்ணின் விஷயத்தையும் அப்படியே கேட்க வைக்கலாமா என்பது அவருடைய இரண்டாவது கேள்வி.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். எம்.பி. பேசப் போகிறாரா, கேள்வி போடப் போகிறாரா? விவாதத்தில் பேசினால் அந்த வீடியோ அன்றிரவே ஊரெல்லாம் சுற்றும், ஆனால் அமைச்சர் அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று எதுவும் இல்லை. "வாய்மூல விடைக்கான வினா" என்று எழுத்தில் கொடுத்தால் கதை வேறு. அதற்கு இலக்கமும் வருடமும் விழும், சபையின் நிகழ்ச்சி நிரலான ஒழுங்குப் பத்திரத்தில் அச்சாகும், அமைச்சுக்குப் போகும், அங்கே யாரோ ஒரு அதிகாரி கோப்பைத் திறந்து பதில் எழுதியாக வேண்டும். அதனால் எம்.பி.யிடம் வினா இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். அதைச் சொல்ல முடியாதவர் இன்னும் கேள்வி போடவில்லை என்றே எடுத்துக்கொள்ளலாம்.

உங்கள் மாவட்ட எம்.பி.தான் கேட்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 225 பேரில் அமைச்சுப் பொறுப்பில் இல்லாத எவரும் கேட்கலாம், தேசியப் பட்டியலில் வந்தவர்கள் உட்பட. ஆளுங்கட்சிப் பின்வரிசையினரும் கேள்வி போடுவார்கள். ஆனால் அவர்கள் கேட்கும் மேலதிகக் கேள்விகள், அதாவது பதில் வந்ததும் எழுந்து கேட்கும் தொடர்கேள்விகள், பெரும்பாலும் பஞ்சு மாதிரி இருக்கும்.

சபையில் அமைச்சர் வாசிக்கும் பதில் அவர் உட்கார்ந்து எழுதியதல்ல. அமைச்சு அதைத் திணைக்களத்துக்கு அனுப்பும், அங்கிருந்து கச்சேரிக்கு (மாவட்ட செயலகத்துக்கு), கச்சேரியிலிருந்து பிரதேச செயலகத்துக்கு, சில நேரம் தோட்டத்துரையின் ஒபிஸ் வரைக்கும் கடிதம் இறங்கும். அதே வழியில் விவரம் மேலே ஏறி, ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் மழுங்கி, கடைசியில் அமைச்சரின் கைக்கு ஒரு தாள் வரும். ஆகவே கேள்வியை எழுதும்போது அமைச்சரை மனதில் வைக்காதீர்கள். பிரதேச செயலகத்தில் அந்தக் கடிதத்தைப் பிரிக்கப்போகும் கிளார்க்கை மனதில் வையுங்கள். "மலையக மக்களின் காணி உரிமை தொடர்பாக அரசின் நிலைப்பாடு என்ன?" என்று கேட்டால் அவர் எந்தக் கோப்பையும் திறக்கத் தேவையில்லை, அமைச்சிலேயே இரண்டு பந்தி எழுதி அனுப்பிவிடுவார்கள். எண்ணும் திகதியும் கேட்டால் கோப்பைத் திறந்தே ஆக வேண்டும்.

நம் பாராளுமன்றத்தில் வினாவுக்கு ஒரு பழைய அச்சு உண்டு. உங்கள் விஷயத்தை அதில் வார்த்தால் ஏறத்தாழ இப்படி வரும்:

"(அ) (i) இன்ன தோட்டத்தின் இன்ன பிரிவில் கட்டி முடிக்கப்பட்ட தனி வீடுகளின் எண்ணிக்கை யாது, (ii) அவற்றுள் நில அளவை வரைபடம் பூர்த்தியான காணித் துண்டுகள் எத்தனை, (iii) அக்காணி கம்பனியின் குத்தகையிலிருந்து விடுவிக்கப்பட்ட திகதி யாது, (iv) காணிப் பதிவகத்தில் பதியப்பட்ட உறுதிகள் எத்தனை என்பதை அவர் இச்சபைக்கு அறிவிப்பாரா? (ஆ) எஞ்சிய வீடுகளுக்கு உறுதி வழங்கப்படும் திகதியை அவர் அறிவிப்பாரா? (இ) இன்றேல், ஏன்?"

அந்த "இன்றேல், ஏன்?" சும்மா அலங்காரத்துக்கு வருவதில்லை. முடியாது என்று சொல்கிறவர் காரணத்தையும் சொல்ல வேண்டிவரும். உங்கள் உறுதி எங்கே சிக்கியிருக்கிறது என்பது அந்தக் காரணத்தில்தான் தெரியவரும். தோட்டக் காணி 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் அரசின் கைக்கு வந்தது. ஜனவசம (மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபை), அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் ஆகியவற்றின் பொறுப்பில் இருந்து, 1992க்குப் பிறகு பெரும்பகுதி பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குப் போனது. அதில் 7 பேர்ச்சஸ் வெட்டி உங்கள் பெயருக்கு எழுத, கம்பனி விடுவிக்க வேண்டும், அளவையாளர் அளக்க வேண்டும், அரசு அங்கீகரிக்க வேண்டும், கடைசியில் பதிவகத்தில் ஏற வேண்டும். எந்தப் படியில் நிற்கிறது என்று தனித்தனியாகக் கேட்காவிட்டால், "நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது" என்ற ஒற்றை வரி நான்கு படிகளையும் மூடிவிடும்.

(அ)(iv)இல் "பதியப்பட்ட" என்ற சொல்லை எம்.பி.யின் ஆட்கள் வெட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மேடையில் கொடுக்கும் சான்றிதழும் பதிவான உறுதியும் ஒன்றல்ல. "எத்தனை பேருக்கு ஆவணம் வழங்கப்பட்டது?" என்று கேட்டால் மேடையில் கொடுத்த எண்ணிக்கைதான் வரும்.

தோட்டத்தின் பெயரிலும் கவனம் தேவை. நாம் வாயால் சொல்லும் தமிழ்ப் பெயர் அரச பதிவேட்டில் இருக்காது. தமிழில் கொடுக்கும் கேள்வி மொழிபெயர்க்கப்பட்டு அமைச்சுக்குப் போகும்போது பெயர் இன்னும் சிதையும். "அப்படியொரு தோட்டம் பதிவில் இல்லை" என்று பதில் வந்தால் கேள்வி வீண். சம்பளச் சீட்டில் உள்ள பெயர், பிரிவு, கம்பனியின் பெயர், கிராம அலுவலர் பிரிவு இலக்கம் நான்கையும் எழுதிக் கொடுங்கள். பிரதேச செயலகப் பிரிவுகள் பிரிக்கப்பட்ட இடங்களில் பழைய பிரிவின் பெயரையும் சேருங்கள். நோர்வூட் என்று மட்டும் கேட்டால், அம்பகமுவ காலத்துக் கோப்பு அம்பகமுவவிலேயே தூங்கக்கூடும்.

அதிகம் பிழைக்கிற இடம், யாரிடம் கேட்பது என்பது. நாட்கூலியை எடுத்துக்கொள்ளுங்கள். குறைந்தபட்சக் கூலியை நிர்ணயிக்கும் சம்பளச் சபை வர்த்தமானி தொழில் அமைச்சின் கீழ் வருவது. 2026க்கான வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தபடி, 1350 ரூபாயாக இருந்த நாட்கூலியைக் கம்பனி 1550 ஆக்குவது ஒரு பங்கு, அரசு கொடுக்கும் 200 ரூபாய் வரவு ஊக்கத்தொகை இன்னொரு பங்கு. "1750 ஏன் கைக்கு வரவில்லை?" என்று மொத்தமாகக் கேட்டால் ஒருவர் மற்றவரைக் காட்டித் தப்பலாம், இரண்டையும் பிரித்துக் கேட்டால் முடியாது. பாதைக்கும் இதே கதிதான். அவிசாவளையிலிருந்து ஹட்டன் வழியாக நுவரெலியாவுக்குப் போகும் ஏ7 வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியது, அதிலிருந்து உள்ளே போகும் பாதை மாகாணத்துக்கோ பிரதேச சபைக்கோ தோட்டத்துக்கோ உரியதாக இருக்கலாம். பாடசாலை தேசியப் பாடசாலையாக இல்லாவிட்டால் "இது மாகாண சபை விடயம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அந்த மாகாண சபையில் போய்க் கேட்கலாமென்றால், மத்திய மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்து, பிறகு தேர்தல் நடக்கவில்லை. ஆளுநர்தான் பார்த்துக்கொள்கிறார். அப்படியான விஷயத்தில் பாடசாலையைப் பற்றி நேரடியாகக் கேட்காமல், மத்திய அமைச்சு மாகாணத்துக்கு ஒதுக்கிய பணத்தையும் ஆசிரியர் வெற்றிடங்களின் எண்ணிக்கையையும் கேளுங்கள். அதைத் தட்டிக்கழிப்பது கஷ்டம்.

கேள்வி போடுவதற்கு முன்னால் தகவல் அறியும் உரிமை விண்ணப்பம் ஒன்றைப் பிரதேச செயலகத்தில் கொடுத்து வையுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை, 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவைச் சொல்ல வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அதற்குப் பின் ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். இதை முதலில் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. செயலகம் 38 வீடு என்று எழுத்தில் தந்து, அமைச்சர் சபையில் 52 என்று சொன்னார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 14 வீட்டு வித்தியாசம்தான் எம்.பி.க்கு நல்ல மேலதிகக் கேள்வி. எழுதிய பதிலை யாரும் வாசித்துவிடலாம், எழுந்து நின்று கேட்கும் மேலதிகக் கேள்விக்குத்தான் அமைச்சர் தன் சொந்த அறிவில் பதில் சொல்ல வேண்டிவரும். விஷயம் தெரிந்த அமைச்சரா, தாளை நம்பி வந்தவரா என்பது அங்கே வெளிச்சமாகும். ஆகவே எம்.பி.க்கு ஒரு கேள்வியோடு நிறுத்தாமல் இரண்டு மேலதிகக் கேள்விகளையும் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். கேட்ட மாத்திரத்தில் பதிலை வாசிக்காமல் சபாபீடத்தில் (சபையின் மேசையில்) சமர்ப்பித்துவிட்டு அமைச்சர் உட்காரக்கூடும், அப்போதும் மேலதிகக் கேள்வி கையில் இருக்கிறது.

தவணை கேட்பதும் வழக்கம்தான். இரண்டு வாரம், ஒரு மாதம் என்பார்கள். அன்றைய ஹன்சாட்டில் (சபையில் பேசியவற்றின் அச்சுப் பதிவில்) "வினாவை மற்றொரு தினத்திற் சமர்ப்பிக்கக் கட்டளையிடப்பட்டது" என்று ஒரு வரி இருக்கும். கேள்வி உயிரோடுதான் இருக்கிறது, ஆனால் அடுத்த திகதியை எம்.பி.யின் செயலாளரிடம் கேட்டு நீங்கள்தான் பின்தொடர வேண்டும். அந்த நாளில் எம்.பி. சபைக்கு வராவிட்டால் தன் சார்பில் கேட்க இன்னொருவரை ஏற்பாடு செய்யலாம், அதையும் நினைவுபடுத்துங்கள். கூட்டத்தொடர் முடிவுறுத்தப்பட்டாலோ, 2024 செப்டெம்பரில் நடந்ததுபோலப் பாராளுமன்றம் கலைக்கப்பட்டாலோ, பதில் வராத கேள்வி காலாவதி. திரும்ப முதலிலிருந்து கொடுக்க வேண்டும். பலர் இது தெரியாமல் மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.

இனி அந்தப் பெண்ணின் விஷயம். தனியொருவரின் பிரச்சினையைச் சபையில் கேட்க வைக்காதீர்கள். பெயரும் ஊரும் ஹன்சாட்டில் ஏறினால் அது என்றைக்கும் அங்கேதான் இருக்கும், திரும்பி வந்து வாழப்போகிறவர் அவர். கடவுச்சீட்டுப் பிரதி, போன நாடு, அனுப்பிய முகவர் நிலையத்தின் பெயர், கடைசியாகப் பேசிய திகதி ஆகியவற்றோடு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்கும் வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவுக்கும் முறைப்பாடு கொடுங்கள். கண்டியில் கொன்சியூலர் பிராந்திய அலுவலகம் இருக்கிறது, கொழும்பு போகத் தேவையில்லை. பணியகத்தில் பதிந்து போனவரா, விசிட் விசாவில் போனவரா என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். பதியாமல் போனவருக்குப் பணியகத்தின் காப்புறுதி இல்லை, ஆனால் அவரும் இலங்கைப் பிரஜை, தூதரகத்தின் உதவியைக் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு.

சபையில் கேட்க வேண்டியது பொதுக் கணக்கு: நுவரெலியா, பதுளை மாவட்டங்களிலிருந்து வருடவாரியாகப் பதிந்து போனவர்கள் எத்தனை, கிடைத்த முறைப்பாடுகள் எத்தனை, தீர்ந்தவை எத்தனை, அனுமதிப்பத்திரம் இரத்தான முகவர் நிலையங்கள் எத்தனை. 2024 நவம்பரில் அமைந்த அமைச்சரவையில் வெளிவிவகாரமும் வெளிநாட்டு வேலைவாய்ப்பும் ஒரே அமைச்சரிடம் இருப்பது இதற்கு வசதி.

வெளிநாட்டு விவகாரக் கேள்விக்கு இன்னொரு குணம் உண்டு. "இரு நாட்டு உறவைப் பாதிக்கும்" என்ற கதவு அமைச்சருக்கு எப்போதும் திறந்திருக்கிறது, தகவல் அறியும் சட்டத்தின் 5ஆம் பிரிவிலும் அந்த விலக்கு இருக்கிறது. 2025 ஏப்ரலில் இந்தியாவோடு கையெழுத்தான புரிந்துணர்வு உடன்படிக்கைகளைச் சபையில் வைக்கும்படி எதிர்க்கட்சி கேட்டபோது வந்த இழுபறியை நினைத்துப் பாருங்கள். உங்கள் வீடு இந்திய நிதியில் கட்டியதாக இருந்தால் அமைச்சர் இதே கதவு வழியாகத் தப்பலாம். 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் நோர்வூட்டில் அறிவித்த மேலதிக 10,000 வீடுகளைப் பற்றி உடன்படிக்கையின் வாசகத்தைக் கேட்டால் பதில் வெளிவிவகாரத்துக்கு நழுவும். எத்தனை வீட்டுக்குக் காணி அடையாளம் கண்டீர்கள், எத்தனை முடிந்தன என்று பெருந்தோட்ட அமைச்சரிடம் கேட்டால் அது முழுக்க உள்நாட்டுக் கணக்கு, நழுவ இடமில்லை.

மண்சரிவு அபாயம் போன்ற அவசர விஷயத்துக்கு இந்தச் சாதாரணக் கேள்வியின் வேகம் போதாது. கட்சித் தலைவர் ஒருவரைப் பிடித்து சபையின் நடைமுறை விதிகளான நிலையியற் கட்டளைகளில் 27/2இன் கீழ் கேட்க வையுங்கள். (பழைய ஆட்கள் இன்னும் "23/2" என்பார்கள். 2018க்கு முந்தைய இலக்கம் அது, இரண்டும் ஒன்றுதான்.) எந்த எம்.பி.யும் அசையவில்லை என்று விட்டுவிடவும் வேண்டாம், பொதுமனுக்கள் பற்றிய குழுவுக்கு ஒரு மனு போடலாம். அதையும் எம்.பி. ஒருவர் மூலமாகத்தான் சமர்ப்பிக்க வேண்டும் என்றாலும், ஒரு கையெழுத்துக்கு மறுப்பவர் குறைவு.

பதில் வந்த பிறகு ஹன்சாட்டைப் பாராளுமன்ற இணையத்தளத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். அவரவர் பேசிய மொழியிலேயே அச்சாகும் என்பதால் அமைச்சர் சிங்களத்தில் சொன்ன பதில் சிங்களத்தில்தான் இருக்கும். காதில் கேட்ட தமிழ் மொழிபெயர்ப்பு அதில் வராது. திகதியையும் பக்க இலக்கத்தையும் குறித்து, அந்தப் பக்கத்தின் பிரதியோடு பிரதேச செயலாளருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போடுங்கள்: "அமைச்சர் இன்ன திகதிக்குள் வழங்கப்படும் என்று சபையில் கூறியுள்ளார், எமது காணித் துண்டு இலக்கம் இது, தற்போதைய நிலையை எழுத்தில் அறியத் தரவும்." பதிவுத் தபால் சிட்டையைப் பத்திரமாக வையுங்கள், அடுத்த கேள்விக்கு அதுவும் ஒரு இணைப்பு.