பின்லாந்து தொடக்கப் பள்ளிகளில் பாடங்களையே எடுத்துவிட்டு, செய்முறையில் மட்டும்தான் கற்பிக்கிறார்களா?

இல்லை. கணக்கு, தாய்மொழி, சுற்றுச்சூழல் எல்லாம் தனிப் பாடங்களாகவே இருக்கின்றன. 2016 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டம் கேட்பது, ஆண்டுக்கு ஒருமுறையாவது பல பாடங்களை இணைத்துப் படிக்கும் ஒரு பகுதி ஒவ்வொரு மாணவருக்கும் இருக்க வேண்டும் என்பதுதான். அதைத் திட்டமிடுவதில் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு.

பறவைகளுக்கு ஒரு மரக் கூட்டுப்பெட்டி செய்கிறார்கள் என்று வையுங்கள். பலகையை அளந்து அறுப்பதில் கணக்கு வந்துவிடுகிறது. நுழையும் துளை எவ்வளவு பெரிதாக இருக்கலாம்? 32 மில்லிமீட்டர் இருந்தால் பட்டாணிக்குருவி வகைக்குப் போதும். அதைவிட மிகப் பெரிதாகப் போட்டால் வேறு பறவை பிடித்துக்கொள்ளும். ஆக, அளவு தப்பினால் விடையே மாறிவிடும் என்பது குழந்தைக்குக் கண்ணெதிரே தெரிகிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது இந்த இடம்தான். அப்புறம் பெட்டியை மாட்டி, வசந்தத்தில் யார் குடிவந்தார்கள் என்று கவனித்து எழுதினால் அது அறிவியலும் மொழிப்பாடமும்.

இது நேற்று முளைத்த யோசனையும் இல்லை. ஊனோ சிக்னேயஸ் என்ற கல்வியாளரின் முயற்சியால் 1866-லேயே அங்கே கைவினை பள்ளிப் பாடமாகிவிட்டது. இன்றும் ஆண், பெண் எல்லோருக்கும் மரவேலையும் தையலும் உண்டு.

இன்னொரு வசதி, முதல் ஆறு வகுப்புகளில் பெரும்பாலான பாடங்களை ஒரே வகுப்பாசிரியர் நடத்துவது. பாடங்களை இணைக்க அவர் யாருடைய நேரத்தையும் கடன் கேட்க வேண்டியதில்லை.